கரும்பலகையில் நான் எழுதாத பெயர்

ஈரத்துணியால் துடைத்த கரும்பலகையின் வாசனை வந்தால் இப்போதும் எனக்கு ஆறாம் வகுப்புதான் நினைவுக்கு வரும். மரக்காணத்தில் நான் படித்த பள்ளிக்கூட வாசலில் அப்படி ஒரு பலகை இருந்தது. தினம் ஒரு பிள்ளை அதில் பொன்மொழி எழுத வேண்டும். "சொன்னவங்க பேர் இல்லேன்னா அழிச்சிடுவேன்" என்பார் வாத்தியார்.

ஆறாம் வகுப்பில் என் முறை வருவதற்கு முந்தின நாள், கோடை மழையில் உப்பளத்தில் குவித்திருந்த உப்பெல்லாம் கரைந்துபோனது. அங்கே கூலிக்கு உப்பு வாரிய என் அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த பெண்களிடம் அம்மா, "ஏண்டி அழுவுறீங்க? கரைஞ்சது உப்புதானே, கடல் அங்கியேதானே இருக்குது?" என்றாள். "ஆமா, நீ போயி கடலை மூட்ட கட்டிக்கினு வா" என்று ஒருத்தி சொல்ல, அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் அதையே புத்தகத் தமிழாக்கி, "கரைந்தது உப்பே, கடல் அல்ல" என்று எழுதினேன். பெயர் எழுதும் இடத்தில் கை நின்றது. உப்பு வாருகிறவள் பெயரைப் போட்டால் வகுப்பே சிரிக்குமே என்று, பாடப்புத்தகத்தில் தாடியோடு இருக்கும் ஒரு மகானின் பெயரை எழுதிவிட்டேன்.

சாயங்காலம் கால்வெடிப்பில் உப்பு காய்ந்தபடியே என்னைக் கூப்பிட வந்த அம்மாவுக்கு எழுத்து தெரியாது. "நீ எழுதினத படிச்சுக் காட்டு" என்றாள். படித்தேன். "யாரு சொன்னதாம்?" மகானின் பெயரைச் சொன்னேன். அம்மாவின் முகம் மலர்ந்துபோயிற்று. "அம்மாம் பெரிய மனுசரும் நான் சொன்ன மாதிரியேவா சொல்லியிருக்காரு!" என்று வழியெல்லாம் பார்த்தவர்களிடம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வராமல் சும்மா இருந்தேன். அவள் கண்மூடும் வரைக்கும் சும்மாவே இருந்தேன். எத்தனையோ முறை மாதா கோயிலில் செய்த பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தும், இதை மட்டும் சாமியாரிடம் சொன்னதில்லை. அந்த மகானின் பெயரோடு அந்த வரி பள்ளி விழாவுக்குப் போயிற்று, கோயில் பிரசங்கத்துக்கும் போயிற்று.

பலகை இருந்த இடத்தில் இன்று இரும்பு கேட் நிற்கிறது. போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மகள் போனை நீட்டினாள். சூரியன் உதிக்கும் படத்தின் மேல், "உப்பு கரையலாம், கடல் கரையாது." கீழே வேறு ஏதோ தலைவரின் பெயர்.

"சூப்பரா சொல்லியிருக்காரும்மா."

"அவரு இல்லடி, உங்க ஆயா."

சிரித்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், சிரிப்பு நின்றது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அம்மாவின் வார்த்தையை அம்மா பேசினபடியே மகளை எழுதச் சொன்னேன். அப்புறம் பேனாவை நான் வாங்கி, கீழே எழுதினேன்: அந்தோணியம்மாள்.