வாய் பார்த்துப் பிரிப்பவர்

சங்கை எடுத்தால் முதலில் வாயைத்தான் பார்ப்பார். நிறம், பளபளப்பு, பூவேலை எதுவும் அவருக்குப் பொருட்டில்லை. உதட்டோரம் கட்டைவிரலை ஓட்டி, "குறுகின வாய். புழு தின்னி" என்று இடப்பக்கத் தட்டில் வைப்பார். "இது நத்தை தின்னி. சொந்தக்காரங்களையே முழுங்குற ஜாதி" என்று நடுத்தட்டில் வைப்பார். வாய் அகன்றதை மட்டும் கையால் தொடமாட்டார். காலி ஓடாக இருந்தாலும் இடுக்கிதான்.

துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் மியூசியத்தின் மாடி அறையில் இருபத்தாறு வருடமாக அந்த அம்மாவுக்கு இதுதான் வேலை. கூம்புச் சங்குக்கு மட்டும் நாற்பது இழுப்பறைகள். பார்க்க அழகு, எல்லாமே விஷ ஊசி வைத்து வேட்டையாடுகிறவை. டீயைப் பென்சிலால் கலக்கிவிட்டு, அதே பென்சிலால் பெயர்ச் சீட்டு எழுதுவார்.

நடுவில் ஒருமுறை, படித்தவர்கள் கூடி, கூம்புச் சங்கு என்ற அந்த ஒரே வகையைப் பல வகையாகப் பிரித்தார்கள். அத்தனை சீட்டையும் மாற்றினார். சில வருடத்தில் பெரும்பாலானவற்றைத் திரும்ப ஒன்றாக்கினார்கள். மறுபடி எழுதினார்.

"தனிக்குடித்தனம் போனதுங்க மூட்டை முடிச்சோட திரும்பி வந்துடுச்சுங்க, அண்ணே. மாமியார் நான்தானே? சேத்துக்கிட்டேன்" என்றார் என்னிடம்.

பழைய சீட்டு ஒன்றைக்கூடக் கிழிக்கவில்லை. புதியதற்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. கூடை சுமந்து தொடங்கி, இன்று மூன்று சங்குக் கடைக்குச் சொந்தக்காரன். கண்ணை மூடித் தடவினாலே என்ன விலை போகும் என்று சொல்வேன். சங்கைப் பற்றி எனக்கு ஒருவர் பாடம் சொல்வதா என்று இருந்தவன்.

போன வருடம் ஒரு காலை, மீனவர் வலையில் வந்த சங்கு ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவரிடம் போனேன். பெயர் கேட்டுக்கொண்டு, நேரே வீட்டுக்குப் போய்ப் பேத்தி கையில் கொடுப்பதாக எண்ணம். அவளுக்கு மூன்று வயது.

"இந்த மாதிரி உங்க நாப்பது பெட்டியிலயும் இருக்காதும்மா" என்று பையைத் தட்டினேன். "இன்னும் ஈரம்கூடக் காயல."

அவர் நிமிரவில்லை. "வாய் எப்படி?"

"என் சுண்டுவிரல் நுழையும்."

பென்சில் நின்றது. "அண்ணே, கையைக் கீழ விடுங்க. அசையாதீங்க."

"என்னம்மா, எனக்கேவா? அம்பது வருஷமா..."

"உங்க பெருமையை அப்புறம் கேக்குறேன்."

இடுக்கியால் மெல்ல எடுத்து, உப்புத்தண்ணீர் ஜாடியில் விட்டார். கொஞ்ச நேரத்தில் அதனுள்ளிருந்து நூல் போல ஒரு குழல் நீண்டு கண்ணாடியைத் தடவியது.

"மீன் தின்னி. துணியைத் தாண்டியும் குத்தும். மாத்து மருந்து கிடையாது."

 பேத்தியின் உள்ளங்கைதான் கண்ணுக்குள் நின்றது.

எல்லாம் என் கையால் சம்பாதித்தது என்று மார்தட்டுகிறவன் நான். இன்றும் தட்டுவேன். பேத்திக்கு இப்போது நாலு வயது ஆகிறது; அது மட்டும் என் சம்பாத்தியம் இல்லை.

வாரம் ஒருமுறை அந்த மாடிக்குப் போகிறேன். அவர் என் சட்டைப் பையின் வாயை இடுக்கியால் விரித்து உள்ளே பார்த்துவிட்டுத்தான், ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளுவார்.