கறுப்பிலை கறுப்பு

இண்டைக்குக் கொக்குவில் வீட்டிலை இருந்து, கொழும்பிலை இருக்கிற மனேச்சருக்கு வீடியோ கோலிலை என்ரை புரோகிராமை ஓட்டிக் காட்டினன்.

கறுப்புத் திரையிலை தலைப்பு மட்டும் சிவப்பாய் வரட்டும் எண்டு புரோகிராமிலை ஒரு கலர் கோட் எழுதியிருந்தன். அந்தச் சிவப்பை நிப்பாட்டிற கோட் எழுத மறந்திட்டன். "எல்லாம் சரி" எண்ட வரியும் சிவப்பிலைதான் வந்துது.

"தம்பி, எல்லாம் பிழைச்சுப்போச்சோ?"

"இல்லை அண்ணை, கலர் மட்டுந்தான். இப்ப மாத்திறன்."

அவசரத்திலை கலருக்கு உரிய நம்பரைப் பிழையாய் அடிச்சன். எழுத்தும் கறுப்பாய்ப் போச்சுது.

"இப்ப ஒண்டும் தெரியேல்லையே?"

"எனக்கும்தான் அண்ணை."

பின்னாலை வந்த அம்மா திரையைப் பாத்தா. "உதுதான் நிண்டுபோச்சே, வந்து சாப்பிடு."

அவ்வளவு நேரமும் என்ரை புரோகிராம் ஒரு பிழையும் இல்லாமல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை இனி ஆருக்குக் காட்டிறது, சொல்லுங்கோ?