ஃப்ரீசரில் இருந்த ரிவிட் டப்பா

ஊரிலிருந்து வந்திருந்த அப்பா கூடத்தில் உட்கார்ந்திருக்க, குச்சி ஐஸ் எடுக்க என் மகள் ஃப்ரீசரைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற என் முகத்தில் குளிர் பட்டதும், கோவை வீட்டு ஃப்ரீசரில் அப்பா வைத்திருந்த, தகடுகளை இணைக்கும் அலுமினிய ரிவிட்டுகள் நினைவுக்கு வந்தன. பட்டறை உலையில் காய்ச்சித் தண்ணீரில் போட்டெடுத்தால் அவை இளகி இருக்கும். வெளியே கிடந்தால் ஒரே நாளில் தானாக இறுகிவிடும். அதனால்தான் குளிரில் வைப்பார்.

ஆறாம் வகுப்பு விடுமுறையில், ஆரஞ்சு ஐஸுக்கு இடமில்லையென்று அந்த ரிவிட் டப்பாவை ஒரு நாள் முழுக்க வெளியே வைத்துவிட்டேன். மறுநாள் பட்டறையில் சுத்தியல் பட்டதும் அத்தனை ரிவிட்டும் விரிசல் விட்டன.

மத்தியானம் அப்பா வீட்டுக்கு வந்தார்.

"நாந்தானுங்க மறந்து வெளிய வெச்சுப்போட்டேன்," என்றாள் அம்மா.

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். அப்பா என் ஆரஞ்சு நாக்கைப் பார்த்துவிட்டார்.

"ஏ அம்மணி, அப்பனுக்கு ஒண்ணாச்சும் வெச்சிருக்கியா?"

ஒன்றுகூட வைத்திருக்கவில்லை.

"தாத்தாவுக்கு மொதல்ல குடு சாமி," என்றேன், இப்போது ஐஸோடு திரும்பிய மகளிடம்.