நூறும் மூவாயிரத்து எழுநூறும்

கொழும்பில் தங்கும் தமிழர் செய்யவேண்டிய பொலிஸ் பதிவுக்குப் படம் எடுப்பதற்காக வெள்ளவத்தையில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போயிருந்தேன். படம் பிடிப்பவர் விளக்கை அங்குமிங்கும் நகர்த்திப் பார்த்தார். பிறகு, "தங்கச்சி, இந்த நிழல் லைட்டாலை வரேல்லை. உங்கட கழுத்து ஒரு பக்கம் வீங்கியிருக்கு" என்றார். நோவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. என் நோயின் முதல் அறிகுறி அந்தப் படம்தான்.

ஊசியால் கலங்களை (செல்களை) உறிஞ்சிப் பரிசோதித்தார்கள். தைரொயிட் (கழுத்தின் முன்புறம் உள்ள சிறு சுரப்பி) புற்றுநோய் என்று முடிவு வந்தது. சத்திரசிகிச்சையில் சுரப்பியை அகற்றினார்கள். எஞ்சிய கலங்களை அழிக்கக் கதிரியக்க அயடீன் குடிக்க வேண்டும் என்றார்கள். மீதமுள்ள தைரொயிட் கலங்கள் அயடீனைத் தேடி உறிஞ்சும், உறிஞ்சியதாலேயே அழியும்.

இந்தச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கடினமானது மருந்து அல்ல, அதற்கு முந்திய வாரங்கள். அகற்றிய சுரப்பிக்குப் பதிலாக எடுக்கும் தைரொக்சின் குளிசையை நிறுத்திவிடுவார்கள். மீன், இறால், அயடீன் சேர்த்த உப்பு எதுவும் கூடாது. கொழும்பு வெயிலில் நான் சுவெட்டர் போட்டுக்கொண்டிருந்தேன். கேள்வி கேட்டவர் போன பிறகுதான் எனக்குப் பதில் வரும். நான் கொட்டாஞ்சேனையில் ஓர் ஆய்வுகூடத்தில் நீர் பரிசோதிப்பவள். நாள் முழுவதும் அலகுகளோடு வேலை. அந்த வாரங்களில் மில்லிகிராமை மைக்ரோகிராமாக மாற்றக் கூட எனக்குத் தாள் வேண்டியிருந்தது.

அப்படியான ஒரு நாளில்தான் நாங்கள் தொலைபேசிக்குப் போகும் கொமினிகேஷன் கடையில் கனடாவிலிருந்து அண்ணாவின் அழைப்பு வந்தது. வழக்கம்போல அம்மா முதலில் கதைத்தார். கண்ணாடிக் கூண்டிலிருந்து வெளியே வந்தபோது அவரது முகம் இறுகியிருந்தது.

"கொண்ணாவோட வேலை செய்யிற ஒருத்தற்ற மனிசிக்கும் இதே வருத்தம்தானாம். அங்கை மூவாயிரத்து எழுநூறு குடுத்தவையாம். இஞ்சை உனக்கு நூறு."

"நூறு என்ன, அம்மா?"

"நூறு நூறுதான். தமிழ்ப் பிள்ளையெண்டு குறைச்சுப் போட்டாங்கள்."

காத்திருந்த எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் தலையை ஆட்டி ஆமோதிக்கவும் செய்தார்.

அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் பற்றரியும் போகவிடாமல் அரசாங்கம் தடுத்திருந்த வருடங்களை அவர் அங்கேயே கழித்தவர். ஆனால், சிகிச்சைக்குப் பிறகு என்னை வீட்டில் தனியாக வைத்துப் பார்த்துக்கொள்வதாக அவர்தான் ஒப்பமிட வேண்டும். மெட்ராசுக்குப் போவோம், இங்கே ஒப்பமிடமாட்டேன் என்றார். மருந்து விமானத்தில் வருவது. வந்துகொண்டிருக்கும்போதே வலு குறைவது. எனக்கென எடுப்பித்ததை அடுத்த மாதத்துக்கு எடுத்துவைக்க முடியாது. தவறவிட்டால் அந்தக் குளிரும் மந்தமும் நிறைந்த வாரங்களை இன்னொரு தடவை கடக்க வேண்டும். என்னால் முடியும் என்று தோன்றவில்லை.

அண்ணாவை மீண்டும் தொலைபேசியில் எடுத்தேன்.

"அண்ணா, அந்த மூவாயிரத்து எழுநூறுக்கு அலகு என்ன?"

"அலகோ? உனக்கு வருத்தத்திலயும் சோதினைதான்." பக்கத்தில் யாரையோ கேட்டுவிட்டுச் சொன்னார்: "மெகாபெக்கரலாம்."

கொழும்பில் எனக்கு எழுதியிருந்தது மில்லிக்கியூரி. ஒரு பெக்கரல் என்றால் ஒரு செக்கனில் ஓர் அணு சிதைவது. மெகாபெக்கரல் அதன் பத்து இலட்சம் மடங்கு. கியூரி பழைய, பெரிய அலகு. ஒரு மில்லிக்கியூரிக்கு முப்பத்தேழு மெகாபெக்கரல். நூறை முப்பத்தேழால் பெருக்கினால் மூவாயிரத்து எழுநூறு. தொலைபேசிப் பில்லின் பின்புறத்தில் பெருக்கி அம்மாவுக்குக் காட்டினேன்.

"என்னைச் சமாதானப்படுத்தச் சொல்லுறாய்" என்றார் அம்மா.

அடுத்த நாள் வைத்தியரிடம் போனோம். அவர் சிங்களவர், ஆங்கிலத்தில் கதைத்தோம். தங்கள் அளவுகருவி பழையது, கியூரியில்தான் காட்டும், அளவு ஒன்றுதான் என்று பொறுமையாக விளக்கினார். நான் தமிழில் சொன்னேன். அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தார். வெளி விறாந்தைக்கு வந்ததும், "நல்ல மனுசன். வேறை என்னத்தைச் சொல்லுவார்?" என்றார்.

அங்கே போட்டிருந்த நீள வாங்கில் உட்கார்ந்தோம். எனக்குக் களைத்துவிட்டது. அம்மாவின் கையைப் பிடித்தபோது காப்பு என் விரலில் பட்டது.

"இது எத்தினை பவுன், அம்மா?"

"ரெண்டு. ஏன்?"

"கிராமிலை?"

"பதினாறு." காப்பை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். பிறகு, "அப்ப இவர் சொன்னது பவுனோ?" என்றார்.

"ஓம்."

"அவையள் சொன்னது கிராம்."

"ஓம், அம்மா."

"கிராமிலை சொன்னால் பெரிசாத் தெரியும். வெளிநாட்டுக்காரர் அதை விடுவினமே." எழுந்து உள்ளே போய் ஒப்பமிட்டார்.

ஈயப் பாத்திரத்துக்குள் இருந்த மருந்தை ஒரு குழாயால் உறிஞ்சிக் குடித்தேன். சுவை எதுவும் இல்லை. கதிர்வீச்சு குறையும்வரை ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்திருப்பார்கள். அந்த அறைக்குப் பழைய உடுப்பு, வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரத் தேவையில்லாத புத்தகம், உமிழ்நீர் சுரக்கப் புளிப்பு இனிப்பு கொண்டுபோங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். இந்த அயடீன் எட்டு நாளில் பாதியாகும், அடுத்த எட்டில் அதிலும் பாதி. வீட்டுக்கு வந்த பிறகும் அம்மா கதவடியில் நின்றுதான் கதைத்தார்.

பின்னர் எடுத்த ஸ்கேனில் கழுத்து வெறுமையாக இருந்தது.

இப்போது காலையில் எழுந்ததும் ஒரு குளிசை. அதன் பிறகு கொஞ்ச நேரம் தேநீர் குடிக்கக் கூடாது. அம்மாவுக்குத்தான் பொறுக்காது. தேநீரை ஊற்றிவைத்துவிட்டு, "இப்ப குடிக்கலாமோ?" என்று குசினியிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார். நான் தழும்பில் விரலை வைத்து ஜன்னலோரம் இருப்பேன். தெஹிவளைப் பக்கமிருந்து ரயில் வரும். முன்பு ஒரு செக்கன் என்பது எனக்கு மணிக்கூட்டின் முள் நகர்வது மட்டும்தான். அந்த அறையில் ஒவ்வொரு செக்கனும் எனக்குள் கோடிக்கணக்கான அணுக்கள் சிதைந்தன. நான் இனிப்பைச் சப்பிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு எந்தச் செக்கனும் எனக்குச் சிறிதாகத் தெரிவதில்லை. விரலுக்குக் கீழே நாடி துடிக்கிறது. தேநீர் ஆறினாலும் பரவாயில்லை.