வந்ததை எழுது

காலையில் பாத்திரம் கழுவுவது மகளின் வேலை. அவள் கழுவிக் கவிழ்த்ததை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மறுபடி ஒருமுறை அலசி வைப்பது அம்மாவின் வேலை. இந்த இரண்டாவது வேலையை அம்மாவுக்கு யாரும் கொடுக்கவில்லை, அவளாக எடுத்துக்கொண்டது. "ரெண்டு பேரு எதுக்குத் தண்ணிய வீணாக்குறீங்க? எல்லாத்தையும் நேரா உங்கம்மா கையில குடுத்துடேன்" என்று அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வார். மகள் சிரிக்க மாட்டாள்.

அம்மா வேதியியல் டீச்சர். மகள் படிப்பதும் அதே பள்ளியில், அம்மா பாடமெடுக்கும் பதினோராம் வகுப்பிலேயே. வாசலைத் தாண்டினால் அம்மா 'மிஸ்' ஆகிவிடுவாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'சொட்டு மிஸ்'. பியூரெட் என்கிற அளவுக் குழாயின் கடைசிச் சொட்டுக்கு அவள் காட்டும் மரியாதையைச் சொந்தக்காரர்களுக்குக்கூடக் காட்டுவதில்லை என்பது அவர்கள் கணிப்பு. பட்டப்பெயர் அவள் காதுக்கும் வந்திருந்தது. தப்பில்லை என்று விட்டுவிட்டாள்.

டீச்சர் வேலைக்கு வருவதற்கு முன்னால் ஒரு பெயின்ட் கம்பெனியின் பரிசோதனை அறையில் இருந்தாள். அங்கே ஒருமுறை, தினமும் வருகிற எண்தானே என்று பார்க்காமலேயே எழுதிவைத்தார்கள். அன்றைய பெயின்ட் முழுவதும் வாங்கினவர் வீட்டுச் சுவரில் தோல் உரிந்தது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே மந்திரம்: வந்ததை எழுது. வரவேண்டியதை எழுதாதே.

பள்ளியில் இதைக் கரடியாய்க் கத்திப் பார்த்துவிட்டாள். அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எங்கே இளஞ்சிவப்பு நிலைக்கிறது என்று பார்க்கும் அந்தப் பரிசோதனைக்கு விடை பத்து மில்லி என்பது மேல்வகுப்பிலிருந்து கீழ்வகுப்புக்கு ஆண்டாண்டாய் இறங்கி வருகிற சொத்து. புத்திசாலிகள் ஒன்பது புள்ளி ஒன்பது என்று போட்டு நம்பும்படி செய்வார்கள். கீழே எழுதும் முடிவுரையும் எல்லாருக்கும் ஒரே வாக்கியம்தான்.

இந்த முறை தலைமையாசிரியையிடம் போராடி, வாரம் இரண்டு பாடவேளை வாங்கியிருந்தாள். முதலில் உன் ஊகத்தை எழுது. பிறகு செய். கண்ணால் பார்த்ததைச் சொந்த வார்த்தையில் எழுது. ஊகம் தப்பிப்போனால் ஏன் என்று யோசித்து அதையும் எழுது. இவ்வளவுதான் பாடம். பரீட்சையில் கேட்காத ஒன்றுக்கு இவ்வளவு பாடா என்று தலைமையாசிரியைக்குச் சலிப்பு. பருவம் முடியப்போகிறது. நாளைக் காலை பிள்ளைகள் எழுதிய தாள்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். "ஒரு தாளாவது உருப்படியா இருக்கட்டும் டீச்சர், அப்புறம் பேசலாம். இல்லேன்னா அந்த ரெண்டு பீரியடும் கேள்வி-பதிலுக்குத்தான்."

அதனால்தான் பரிசோதனை வகுப்புக்கு முந்தின நாள் மாலை, பள்ளி காலியான பிறகு, டீச்சர் அமிலத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் வீரியமாகக் கலந்து வைத்தாள். இனி நிறம் பத்தில் நிலைக்காது, பதிமூன்றுக்குப் போகும். யாரிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் மூச்சு விடவில்லை. ஒரே ஒரு பிள்ளை பதிமூன்று என்று எழுதிவிட்டால் போதும்.

ஆய்வுக்கூடத்தில் அன்று அவள் பார்வையைக் கட்டிப்போட்டுக்கொண்டு நடந்தாள். யாருடைய பியூரெட்டையும் உற்றுப் பார்ப்பதில்லை என்று தீர்மானம். சில மேசைகளில் குசுகுசுப்பு கேட்டது. யாரோ ஒருத்தி குடுவையைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கினாள். மகளின் மேசையைக் கடக்கும்போது மட்டும், பியூரெட்டின் திருகைப் பிடித்திருந்த விரல்கள் கண்ணில் பட்டன. "கை, கை. மெதுவா" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

மணி அடித்தது. தாள்கள் வந்தன. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாய்ப் புரட்டினாள். பத்து. பத்து. ஒன்பது புள்ளி ஒன்பது. பத்து. ஒருவன் ஊகமும் பத்து, விடையும் பத்து என்று எழுதி, 'என் ஊகம் மிகச் சரி' என்று தனக்குத் தானே சபாஷ் போட்டுக்கொண்டிருந்தான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, தாள்களை அப்படியே ஜன்னல் வழியே வீசலாமா என்றும் வந்தது. மகளின் தாளைக் கடைசியில் எடுத்தாள். கையெழுத்து அழகாக இருந்தது. பத்து.

வீட்டுக்கு வந்ததும் பையை வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். மகள் சாயங்காலம் டீ போட்ட பாத்திரங்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு டம்ளரை எடுத்து அலசத் தொடங்கினாள். பேச்சு அவளை மீறிக்கொண்டு வந்தது. மற்றவர்களை விடு, இந்த வீட்டில் சோறு தின்கிற நீயுமா என்று தொடங்கி, பெயின்ட் கம்பெனி வரைக்கும் போய்த் திரும்பினாள். அமிலத்தை மாற்றி வைத்ததையும் சொன்னாள்.

மகள் குழாயை மூடினாள்.

"அப்ப பதிமூணுதான் சரியா?"

"பின்ன?"

"எனக்குப் பதிமூணுதாம்மா வந்துச்சு. மூணு தடவையும்."

அம்மாவின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. "வந்துச்சா? அப்புறம் ஏண்டி பத்துன்னு எழுதின?"

"எல்லாருக்கும் பத்துன்னாங்க. முதல் தடவை தப்பா விட்டுட்டேனோன்னு கொட்டிட்டு மறுபடி செஞ்சேன். அப்பவும் பத்தைத் தாண்டிப் போயிட்டே இருந்துச்சு. அந்த நேரம் பாத்து நீ வந்து கை, கைன்னு சொன்ன." அவள் குரலில் கோபம் இல்லை, நடந்ததைச் சொன்னாள். "கடைசியாவும் அதேதான் வந்துச்சு. என் கைதான் சரியில்லைன்னு நினைச்சுக்கிட்டேன். வீட்டுல நான் கழுவினது எது சுத்தமா இருந்திருக்கு?"

அம்மா டம்ளரைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. அலசுவதற்கு முன்பும் இருந்திருக்காது. பத்துப் போட்ட மற்ற தாள்களிலும் இதுபோல எத்தனை பதிமூன்று உள்ளே போய்ப் படுத்திருக்கிறதோ என்று ஒரு நினைப்பு ஓடியது. அதன் பின்னாலேயே தலைமையாசிரியை முகமும் நாளைக் காலையும் வந்தன.

அவள் டம்ளரை மேடையில் வைத்துவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். பேசும்போது குரல் இறங்கியிருந்தது.

"அப்ப ஒண்ணு செய்யேன்மா. புதுசா ஒரு தாள் தரேன். பதிமூணுன்னு போட்டு அழகா எழுதிக் குடு. உனக்கு வந்ததுதானே? காலையில எச்.எம். கிட்டக் காட்டணும். ஒண்ணே ஒண்ணு இருந்தாப் போதும்."

"இப்ப வரவேண்டியது பதிமூணு, அதானேம்மா?" என்றாள் மகள். கழுவாமல் மிச்சமிருந்த வடிகட்டியை எடுத்து அம்மா பக்கமாகத் தள்ளி வைத்தாள். துண்டில் கையைத் துடைத்து, அதை ஆணியில் மாட்டிவிட்டு, சமையலறையை விட்டு வெளியே போனாள்.