மஞ்சள் நூல் கட்டிய கை

பிரியந்தன் மெல்பேணுக்குப் புறப்பட்ட அன்றுதான் அது நடந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்குள் போய், இரண்டு பெட்டிகளையும் தள்ளிக்கொண்டே ஒருமுறை திரும்பிக் கையசைத்தான். அப்போது காலை எட்டு மணி. பதினொன்றேகாலுக்கு அவனுடைய கார் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் ஒரு த்ரீவீலரின் முதுகுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. ஓட்டியவள் அவனுடைய தங்கை சுபோதினி. லைசன்ஸ் எடுத்து ஐந்து மாதம்.

பக்கத்து சீட்டில் இருந்தவர் அப்பா நாகேந்திரம். வேறு எவரும் காரில் இல்லை. மகனை வழியனுப்பும்போது அழக்கூடாது என்று அம்மா இரத்தினம்மா வெள்ளவத்தை பிளட்டிலேயே நின்று அழுதுகொண்டிருந்தாள்.

நாகேந்திரம் தன் ஆயுளில் ஒருநாளும் ஸ்டியரிங் பிடித்தவரல்ல. அரசாங்கக் கந்தோர் ஒன்றில் முப்பத்தொரு வருடம் லிகிதராக இருந்து, பஸ்ஸிலேயே போய் பஸ்ஸிலேயே வந்து, பென்ஷன் எடுத்தவர். ஆனால் அந்த முப்பத்தொரு வருடமும் சாரதிக்குப் பின்சீட்டில் இருந்து பார்த்ததில் தனக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது என்று ஒரு நம்பிக்கை. விமான நிலையத்திலிருந்து திரும்பும் வழியெல்லாம் ஹோர்ன் அடி, கியரைக் குறை, அவனுக்கு விடு, இவனுக்கு விடாதே என்று சொல்லிக்கொண்டே வந்தார். நெடுஞ்சாலையால் நேரே வெள்ளவத்தைக்குப் போயிருக்கலாம். மகனின் பிரயாணம் நல்லபடி அமையவேண்டும், கொச்சிக்கடையில் சிவன் கோவிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை செய்தே ஆகவேண்டும் என்று காரைத் திருப்ப வைத்தவரும் அவர்தான். ஐயர் விபூதி தந்து, அவருடைய வலது மணிக்கட்டில் மஞ்சள் நூல் ஒன்று கட்டிவிட்டார்.

அந்த மஞ்சள் நூலை அவள் அடுத்த கால்மணி நேரத்தில் ஸ்டியரிங்கின் மேல் கண்டாள். எதிரே பஸ் ஒன்று வந்தது. கொஞ்சம் நடுவாகத்தான் வந்தது, என்றாலும் இடம் இருந்தது. அவள் வேகத்தைக் குறைத்து, இடப்பக்கம் நிறுத்தியிருந்த த்ரீவீலரையும் கணக்கில் வைத்துத்தான் போனாள். "பஸ், பஸ்" என்றார் அப்பா. அடுத்த கணம் அவருடைய கை வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தது. பஸ் தன் பாட்டில் போய்விட்டது. கார் த்ரீவீலரில் மோதியது. த்ரீவீலருக்குப் பின்னால் நின்று அரிசி மூட்டையைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்த அதன் சாரதி, துள்ளி விலகியும், ஒரு காலை இரண்டு வாகனங்களுக்கும் நடுவில் விட்டுவிட்டார்.

சனம் கூடிவிட்டது. சிங்களத்திலும் தமிழிலும் ஏச்சு விழுந்தது. அதில் அரைவாசி, இதுகளுக்கு யார் லைசன்ஸ் குடுத்தது என்ற கேள்வி. கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் கிடந்தவர் மட்டும் ஏசவில்லை. அவர் சுபோதினியைப் பார்க்கவில்லை என்பதும், அவளுடைய அப்பாவைத்தான் பார்த்தார் என்பதும் அவளுக்கு வெகுகாலம் கழித்துத்தான் ஞாபகத்துக்கு வந்தது.

பொலிஸில் சார்ஜன் சிங்களத்தில் கேட்டார். சுபோதினிக்கு சிங்களம் பேச வரும். மரக்கறிக் கடையிலும் பஸ்ஸிலும் கந்தோரிலும் அவளுக்கு அது போதும். எழுத்து, பஸ் போர்ட் வாசிக்கிற அளவுக்கு. அவள் வாயைத் திறந்தாள், இரண்டாவது வசனத்திலேயே தமிழ் கலந்துவிட்டது. நாகேந்திரம் முன்னுக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருடைய சிங்களம் கந்தோர்ச் சிங்களம், இலக்கணம் தப்பாதது. சார்ஜனே பேனையை நிமிர்த்தி அவரை மரியாதையாக 'மாத்தயா' என்று அழைத்தார். அவளை வெளியே வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டு அப்பா சொல்லச் சொல்ல, அவர் எழுதினார். அது சுபோதினியின் வாக்குமூலம். இரண்டு பக்கம். அவள் அதன் கீழே தமிழில் கையெழுத்து வைத்தாள். வெள்ளவத்தையில் எத்தனையோ பேர் எத்தனையோ கடுதாசிகளுக்கு அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். வீட்டில் சிங்களம் தெரிந்த ஒருவர் சொன்னால், மற்றவர்கள் வைப்பார்கள்.

அன்றைக்கே அப்பா கார்ச் சாவியைத் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பிரியந்தன் இறங்கியதும் அழைத்து, விஷயத்தைக் கேட்டு, தான் விமானத்தில் பெல்ட்டைக் கழற்றக்கூட இல்லை, அதற்குள் காரை முடித்துவிட்டாய் என்று சிரித்தான். கார் அவளுக்கென்றுதான் விட்டுப் போயிருந்தான். கொள்ளுப்பிட்டியில் அவள் வேலை செய்யும் கப்பல் முகவர் கந்தோருக்கு அவள் அதில்தான் போகவேண்டும் என்பது அண்ணனும் தங்கையும் போட்ட திட்டம். அப்பாவுக்கு அது தொடக்கத்திலேயே பிடிக்கவில்லை.

கதை வீட்டுக்கு வெளியே போனது. கோவிலில், தபால் கந்தோரில், லிஃப்டில், நாகேந்திரம் ஒரே வசனத்தைச் சொன்னார்: பிள்ளை கொஞ்சம் பதட்டப்பட்டுவிட்டாள். கேட்டவர்கள் அவளைக் கண்டதும் குரலை இனிப்பாக்கினார்கள். மேல்மாடி மயிலம்மா மாமி மட்டும் இனிப்பாக்கவில்லை. "போனில கூப்பிட்டா வாகனம் வாசலுக்கு வருது. பொம்பிளைப் பிள்ளையளுக்கு ஏன் பிள்ளை இந்தத் தொழில்?" என்றாள். சுபோதினி லிஃப்டின் பொத்தானை அழுத்தி, கதவை மாமியின் முகத்துக்கு நேரே மூடவிட்டாள். அதுவும் அன்று பின்னேரமே அப்பாவின் காதுக்கு வந்தது.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வசனம். 'நான்தான் ஸ்டியரிங்கைப் பிடிச்சனான்' என்று அப்பா ஒருதரம், வீட்டுக்குள்ளே, அம்மாவுக்கு முன்னால் சொன்னால் போதும். பயத்தில் பிடித்தார், சரி. பயம் எவருக்கும் வரும். பொலிஸிலும் அதைத்தான் சொல்லியிருப்பார் என்று அவள் நினைத்திருந்தாள்.

மூன்றாவது கிழமை இன்சூரன்ஸ்காரர் வாக்குமூலத்தின் பிரதியைக் கேட்டார்கள். பொலிஸில் அதை எடுத்துக்கொண்டு தன் கந்தோருக்குப் போனாள். பக்கத்து மேசை நிம்றா சிங்கள மீடியத்தில் படித்தவள். மத்தியானம் சோற்றுப் பார்சலை ஒதுக்கி வைத்துவிட்டு வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவளுடைய குரல் இறங்கியது.

"இதுல ஒங்கட வாப்பா மூணு தரம் மெதுவா போகச் சொன்னாராம். நீங்க கேக்கல்லயாம். பஸ்ஸக் கண்டு பயந்து நீங்களே இடப்பக்கம் வெட்டினதாம்."

"இன்னொருக்கா வாசியும்."

நிம்றா இன்னொருக்கா வாசித்தாள். பிறகு கேட்டாள்: "இது நீங்க சொன்னதா?"

"கையெழுத்து என்ரதான்."

அந்த ஞாயிறு மத்தியானம் அவள் கடுதாசியைச் சாப்பாட்டு மேசையில், மீன் குழம்புக்கும் சோற்றுக் கோப்பைக்கும் நடுவில் வைத்தாள். நாகேந்திரம் பாரை மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடிச்சனீங்கள் அப்பா."

அவர் முள்ளைக் கோப்பையின் விளிம்பில் ஒதுக்கி வைத்தார். "ஆர் கண்டது?"

"நான் கண்டனான்."

"உன்னை விட்டா வேற ஆர் கண்டது?"

அம்மா, சாப்பிடேக்க என்ன கதை இது என்றாள். நாகேந்திரம் அடுத்த வாய் சோற்றைப் பிசைந்தார். அவருடைய மணிக்கட்டில் மஞ்சள் நூல் இன்னும் கிடந்தது, நிறம் மங்கி, மீன் குழம்பில் தோய்ந்து. சுபோதினி எழுந்து தன் கோப்பைச் சோற்றைக் குப்பைக்குள் கொட்டினாள். அன்றிலிருந்து அவள் அவரோடு ஒரு மேசையில் சாப்பிடவில்லை. சொல்ல வேண்டியதை அம்மாவுக்குச் சொல்வாள்: பென்ஷன் கடிதம் வந்திருக்காம், அவரிட்டைச் சொல்லுங்கோ. அவர் நான்கடி தூரத்தில் இருப்பார். அம்மா திரும்பி அதையே சொல்வாள். அவர் அம்மாவுக்குப் பதில் சொல்வார். இரண்டு அறை பிளட்டில் இப்படி ஒரு தபால் சேவை நடந்தது.

கண்ட ஆள் ஒருவர் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. த்ரீவீலர்க்காரரின் பெயர் சப்ரி, மட்டக்குளி தொடர்மாடியில் மூன்றாம் மாடி. அப்பா முன்னரே ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் பழங்களோடு போய் வந்திருந்தார். அவளை வரவேண்டாம் என்றிருந்தார். அவள் ஒரு சனிக்கிழமை தனியே போனாள்.

கதவைத் திறந்தவள் சப்ரியின் மனைவி ஜவாஹிறா. யார் என்று தெரிந்ததும் கதவை அரைவாசி சாத்தி, மிச்ச இடத்தில் தான் நின்றுகொண்டாள்.

"கால ஒடச்சிட்டு இப்பதான் பாக்க வழி தெரிஞ்சதா? ஒங்கட வாப்பா நேரத்தோட வந்து எல்லாம் சொல்லிட்டாரு. போன்ல கதச்சிட்டு தானே வந்தீக்கிற."

"நான் போனில கதைக்கேல்ல. போன் பாக்கில இருந்தது."

"அப்ப அந்த வயசான மனிசன் பொய் சொன்னாரா?"

சுபோதினி ஓம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஜவாஹிறாவின் தோளுக்கு மேலால் உள்ளே தெரிந்தது. கட்டுப் போட்ட காலைத் தலையணையில் வைத்துக்கொண்டு சப்ரி படுத்திருந்தார். அவளை ஒருதரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய மனம் மாறினால் கதைக்கட்டும் என்று அவள் தன் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி நீட்டினாள். ஜவாஹிறா அதை இரண்டு விரல் நுனியால் வாங்கினாள். கதவு சாத்தப்பட்டது.

படியிறங்கும்போது காலை உடைத்தவளுக்குக் கிடைக்க வேண்டியதுதான் இது என்று ஒரு எண்ணம் வந்தது. இரண்டாம் மாடிக்கு வருவதற்குள் அது கோபமாகிவிட்டது. போன் கதை பொலிஸ் கடுதாசியில்கூட இல்லை. கடுதாசி தேவைப்படாத இடத்திலும் அப்பா அவளைக் கட்டி வைத்திருந்தார்.

நீதிமன்றத்தில் எல்லாம் ஐந்து நிமிடம். கையெழுத்து வைத்த வாக்குமூலத்தோடு மல்லுக்கட்டினால் வழக்கு வருடக்கணக்கில் இழுபடும், லைசன்ஸும் போகலாம் என்று சட்டத்தரணி சொன்னார். அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். நீதவான் எச்சரித்து விட்டார். வெளியே வரும்போது நாகேந்திரம் அம்மாவிடம், நான் சொன்னபடி கேட்டதால் லைசன்ஸாவது தப்பியது என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்பதுதான் அவளை இன்னும் எரித்தது.

திருத்தி வந்த கார் பிளட்டின் கீழே தூசி பிடித்துக் கிடந்தது. அலுமாரி திறக்கவில்லை. நான்காம் மாதம் மெல்பேணிலிருந்து விடுமுறையில் வந்த ஒருவர் ஒரு சின்னப் பொதியைக் கொண்டுவந்து தந்தார். உள்ளே காரின் இரண்டாவது சாவி. புறப்பட்ட அன்று பிரியந்தன் ஞாபகமறதியில் காற்சட்டைப் பையோடு கொண்டுபோய்விட்டானாம். சுபோதினி அடுத்த நாள் காலை யாரையும் கேளாமல் கீழே இறங்கி, காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். முதல் சந்தியில் பஸ் ஒன்று எதிரே வந்தபோது அவளுடைய கண் தானாகவே இடப்பக்க சீட்டுக்குப் போனது. அங்கே அவளுடைய கைப்பை மட்டும் இருந்தது.

நாகேந்திரம் இரண்டு கிழமை கத்தினார். பிறகு அவருக்குக் கண்ணில் புரை வந்தது, கிளினிக்குக்குப் போக ஆள் தேவைப்பட்டது. சுபோதினி அம்மா மூலம் ஒரு நிபந்தனை சொல்லியனுப்பினாள். அவர் முன்சீட்டில் ஏறக்கூடாது. அப்படித்தான் நடந்தது. மாதம் ஒருதரம் நாகேந்திரம் சலவை மடிப்போடு வெள்ளைச் சேட்டு போட்டு, பின்சீட்டில், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு போனார். கிளினிக் வாசல் காவலாளி அவரை ஏதோ பெரிய அதிகாரி என்று நினைத்துக் கதவு திறந்துவிடுவான். அவளைச் சாரதி என்று நினைத்து, சிங்களத்தில் தங்கையை அழைப்பதுபோல, அங்காலே கொண்டுபோய் நிற்பாட்டு நங்கி என்பான்.

அப்படி ஒரு நாள், விபத்து நடந்து ஒரு வருடமும் எட்டு மாதமும் ஆனபின், காலி வீதியில் போகும்போது கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை. கிளினிக் வளவுக்குள் காரை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் இழுத்து, இஞ்சினை அணைத்தபின்தான் எடுத்தாள். தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு நீண்ட குறுஞ்செய்தி. முதலில் மனதுக்குள் வாசித்தாள். பின்னால் நாகேந்திரம் கதவுப் பிடியில் கை வைத்தார்.

"இருங்கோ அப்பா," என்றாள். ஒன்றரை வருடத்தில் அவள் அவரிடம் நேரே சொன்ன முதல் வார்த்தை அது. அவர் கையை எடுத்து மடியில் வைத்தார். அவள் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, முதலிலிருந்து, சத்தமாக வாசித்தாள்.

"தங்கச்சி, நான் சப்ரி. ஜம்பட்டா வீதியில ஒங்கட கார் அடிச்ச ஆள். கால் இப்ப சொகம், கொஞ்சம் நொண்டுற மட்டும். த்ரீவீல வித்துட்டு சின்னக் கார் ஒண்டு ஓட்டுற. நேத்து என்ட மகள் நுஹாவுக்கு கார் பழக்கப் போன. முன்னுக்கு பஸ் ஒண்டு வந்த. அவ சரியாத்தான் போன. என்ட கைதான் சும்மா இருக்கல்ல, ஸ்டியரிங்கப் புடிச்சி இழுத்துட்ட. நல்ல நேரம், மதில்ல மட்டும் பட்ட. ஊட்டுக்கு வந்து நுஹா என்னோட ஒண்ணும் பேசல்ல. அந்த மொகத்தப் பாத்த நேரம் நீங்க எங்கட வாசல்ல நிண்டது ஞாபகம் வந்த. அண்டைக்கு நான் மூட்டை கட்டிட்டு ஒங்கட காரப் பாத்துத்தான் நிண்ட. மஞ்சள் நூல் கட்டின கை ஒண்டு ஸ்டியரிங்க இழுத்தத நான் கண்ட. ஒங்கட வாப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து என்ட கையப் புடிச்சிட்டு அழுத. வயசான மனிசன் எண்டு வாய மூடிட்ட. அது ஒங்களுக்கு நான் செஞ்ச அநியாயம். யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்கு இதக் காட்டுங்க. ஆர் கண்டது எண்டு கேட்டா, சப்ரி கண்ட எண்டு சொல்லுங்க."