அரை ஏக்கர் பணக்காரி

மூன்று வாரத்துக்கு முன்னால் குன்னூரில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் சத்தம் போட்டேன். சாதாரணமாகவே கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறவள்தான் நான். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அன்றைக்குப் போட்டது அந்த ரகம் இல்லை. மேஜையில் ஓங்கித் தட்டியதில் பேப்பர் வெயிட் உருண்டு கீழே விழுந்தது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் சத்தம் போட்டேன்.

விஷயம் என்னுடையது இல்லை, சரஸ்வதியுடையது. மஞ்சூர் சாலையில் எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள சரிவில் அரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவள். கணவர் இறந்து நாலைந்து வருடம் ஆகிறது. ஒரே மகள் கவிதா ப்ளஸ் டூ படிக்கிறாள்... படித்தாள்.

பச்சைத் தேயிலை விலை விழுந்த கதையை நான் சொல்லித்தானா உங்களுக்குத் தெரிய வேண்டும்? பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று பாதிப் பேர் தோட்டத்தை அப்படியே போட்டுவிட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. மஞ்சூரில் துணிக்கடைக்காரர் மதியம் மூன்று மணிக்கே ஷட்டரை இறக்கிவிடுகிறார். நிச்சயம் செய்த கல்யாணங்கள் தள்ளிப்போகின்றன. கோவை பஸ்ஸில் மட்டும் உட்கார இடம் கிடைப்பதில்லை. அதில் பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு மூட்டை முடிச்சோடு போகிறவர்கள்.

இந்த நேரத்தில்தான் அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. சிறு விவசாயிகளுக்கு, அவர்கள் விற்ற இலைக்கு ஏற்ப உதவித்தொகை. தேயிலை பேக்டரி இலை எடையைப் பதிந்து கொடுத்திருக்கும் பாஸ்புக்கைக் காட்டினால் போதுமாம். எனக்கு ஒரே சந்தோஷம். இந்த வயதிலும் எனக்குப் புத்தி வரவில்லை, பாருங்கள்!

"அதை வெச்சு மார்ச் வரைக்கும் ஓட்டிப்போடலாமுங்க்கா. புள்ள பரீட்சையை எழுதிட்டாள்னா, அப்புறம் எந்த ஊருக்கு வேணாலும் போய்க்கலாம்" என்றாள் சரஸ்வதி.

மார்ச் வரைக்கும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

இங்கே எங்கள் சரிவின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே ஐந்து குடும்பங்கள். எல்லாருக்கும் அரை ஏக்கர், முக்கால் ஏக்கர். இவ்வளவு கொஞ்சமாக இலை போடுகிறவர்களுக்குப் பேக்டரிக்காரர்கள் தனி பாஸ்புக் கொடுப்பதில்லை. அந்த மண் சாலையில் இலை லாரியும் இறங்காது. அதனால் ஐந்து வீட்டு இலையையும் ஒரே பெயரில் போடுவார்கள். எடை போடுகிற ஷெட்டுக்குப் பக்கத்து வீடு சரஸ்வதியுடையது என்பதால் பாஸ்புக் அவள் பெயரில். வாங்குகிற பணத்தை வீட்டுக்கு வீடு பிரித்துக்கொள்வார்கள். இத்தனை வருடத்தில் இதில் ஒரு சண்டை வந்து நான் கேட்டதில்லை.

சண்டை குன்னூரில் வந்தது.

அதிகாரி நல்ல மனிதர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். சரஸ்வதிக்கு நாற்காலி போடச் சொன்னார். பாஸ்புக்கைப் புரட்டினார். பட்டாவைப் பார்த்தார். மறுபடி பாஸ்புக்கைப் பார்த்தார்.

"அரை ஏக்கர்ல இவ்வளவு இலை வராதும்மா. உங்களுக்கு வேற எங்கேயோ தோட்டம் இருக்கணும். இந்தக் கணக்குப்படி நீங்க பெரிய விவசாயி. நிவாரணம் ஒரு ஏக்கருக்குள்ள வெச்சிருக்கற சிறு விவசாயிக்குத்தான்."

சரஸ்வதி சிரித்துவிட்டாள். பாவம், அவர் விளையாடுகிறார் என்று நினைத்திருக்கிறாள்.

கூடவே வந்திருந்த பக்கத்துத் தோட்டத்து ராஜு அண்ணன் முன்னால் வந்தார். "ஏனுங்க, அதுல எங்க நாலு ஊட்டு இலையும் சேர்ந்துதானுங்க இருக்குது."

"உங்க பேர்ல ஒரு கிலோகூடப் பதிவாகலையே? ரெக்கார்டுபடி நீங்க இலையே விக்கலையே!"

ராஜு அண்ணன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். இலை பறித்துப் பறித்து விரலெல்லாம் கறுத்துக் கிடந்தது. கையைப் பார்க்க விண்ணப்பத்தில் இடம் இல்லை.

சரி, ஐந்து பேரும் உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்? கேட்டேன். அதிகாரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வேண்டாம் மேடம். அடுத்தவங்க இலையைத் தன் பேர்ல வித்ததா இந்தம்மாவே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் என்கொயரி வரும்."

ஆக, உண்மையைச் சொல்லாவிட்டால் பணக்காரி... சொன்னால் குற்றவாளி. எப்படி?

இத்தனைக்கும் அடுத்த மேஜைக்குப் பின்னால் சுவரில் பெரிதாக ஒரு போஸ்டர். சீர்திருத்தத் திட்டமாம். சிறு விவசாயிகள் குழுவாகச் சேர வேண்டும், இலையை ஓர் இடத்தில் சேர்த்து ஒரே பெயரில் விற்க வேண்டும், அப்போதுதான் நல்ல விலை கிடைக்கும் — கலர் படத்தோடு விளக்கியிருந்தார்கள். படத்தில் ஐந்து பேர் கைகோத்துச் சிரிக்கிறார்கள். "இதைத்தானே இவங்க பத்து வருஷமா செய்யறாங்க!" என்றேன். "அது வேற ஸ்கீம் மேடம்" என்றார் அதிகாரி.

நான் மேஜையைத் தட்டியது அப்போதுதான்.

அரசாங்கத்துக்கு உதவ மனசில்லை என்று நான் சொல்லவில்லை. மனசு இருக்கிறது, பணம்கூட இருக்கிறது. ஆனால் கஷ்டப்படுகிறவர்கள் முதலில் விண்ணப்பத்துக்குத் தகுந்த மாதிரி கஷ்டப்பட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். பத்து வருடம் கழித்து ஒரு திட்டம் வரும், அதற்குப் பாஸ்புக் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று அந்தச் சரிவில் யாருக்கு ஜோசியம் தெரியும்? சேர்ந்து பிழைத்தார்கள். அதுதான் தப்பாகப் போயிற்று.

அடுத்த வாரமே சரஸ்வதி பள்ளிக்கூடத்துக்குப் போய் மகளின் டி.சி.யை வாங்கிவிட்டாள். "மார்ச் வரைக்கும் எங்கள் வீட்டில் இருக்கட்டும்" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வயதுக்கு வந்த பெண்ணை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு ஒப்பவில்லை. தலைமை ஆசிரியையும் பேசிப் பார்த்தார்களாம். இருவரும் திருப்பூர் கிளம்பிய அன்று கவிதா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு வீடு வந்து சேர்ந்தும் ஆறவில்லை.

இனிதான் விஷயமே. போன சனிக்கிழமை சரஸ்வதி பெயருக்கு ஒரு பதிவுத் தபால். ஆள் இல்லாததால் தபால்காரர் என்னிடம் கொடுத்தார். நான் படித்துச் சொல்வேன் என்பது அவருக்கும் தெரியும். பிரித்தேன். அதே அலுவலகம். அடுத்த மேஜை!

"அரை ஏக்கரில் மாவட்டமே வியக்கும் விளைச்சலை எடுத்துள்ள முன்மாதிரி விவசாயியான தாங்கள், வரும் வியாழக்கிழமை நடைபெறும் பயிற்சி முகாமில் ஒரு மணி நேரம் சக விவசாயிகளுக்குத் தங்கள் அனுபவத்தை எடுத்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். மதிய உணவு வழங்கப்படும்."

இரண்டு தடவை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது தடவையும் படித்தேன். ஒரே பாஸ்புக். ஒரு மேஜை நம்பவில்லை, பக்கத்து மேஜை மாலை போடக் கூப்பிடுகிறது. நடுவில் மூன்றடி இடைவெளி. ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துப் பேசியிருந்தால் அந்தப் பெண் இன்றைக்கு மஞ்சூர் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள்.

திருப்பூரில் சரஸ்வதி குடியிருக்கும் காம்பவுண்டின் வீட்டுக்காரருக்கு போன் போட்டு, அவளைக் கூப்பிடச் சொன்னேன். கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

"அஞ்சு ஊட்டு இலைன்னு அன்னைக்கே சொன்னமேங்க்கா..."

"கவிதா எப்படி இருக்கா?"

"நம்ம கம்பெனிலயே கைமடிக்கப் போறாளுங்க. டெய்லர் தைக்கத் தைக்க, துணியை மடிச்சு எடுத்துக் குடுக்கற வேலை. அழுவறதை நிறுத்திப்போட்டா." பிறகு சொன்னாள்: "நான் வர முடியாதுங்க்கா. ஒரு நாள் லீவு போட்டா அடுத்த வாரம் வேலை இல்லைன்னுருவாங்க. நீங்களே அவங்ககிட்டச் சொல்லிப்போடுங்க."

சரி, சொல்லிவிடுகிறேன் என்றேன்.

வியாழக்கிழமை சரஸ்வதிக்குப் பதிலாக நான் பேச வருகிறேன் என்று அலுவலகத்துக்கு எழுதிப் போட்டாயிற்று. மதிய உணவு வேண்டாம் — எனக்கு அந்த ஒரு மணி நேரம் போதும்.